கற்களுக்கும் தேதி உண்டு: ஹிரோஷிமா அமைதிப் பூங்காவின் நினைவுச் சின்னங்களைப் புரிந்துகொள்ள

நகரப் பூங்கா ஒன்றில் சிலையோ தூணோ கண்ணில் பட்டால், அது யாரைப் பற்றியது என்று பலகையில் பார்த்துவிட்டுக் கடந்துபோவதே நம் வழக்கம். நினைவுச் சின்னங்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர் அதோடு நின்றுவிடக் கூடாது. எந்த ஆண்டு வைத்தார்கள்? பணம் யாருடையது? இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது, எதை எழுதாமல் விட்டார்கள்? யாருக்கு இங்கே இடம் கிடைக்கவில்லை? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும்போது, சின்னம் குறிக்கும் நிகழ்வோடு அதை எழுப்பியவர்களின் காலமும் தெரியவரும்.

இதைப் பழகிக்கொள்ள ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் உள்ள அமைதி நினைவுப் பூங்கா மிகச் சிறந்த இடம். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு அந்த நகரின் மேல் சுமார் 600 மீட்டர் உயரத்தில் அணுகுண்டு வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். அந்த ஒரு நிகழ்வுக்காக, சுமார் 12 ஹெக்டேர் பரப்பில், 1946இல் தொடங்கிப் பல பத்தாண்டுகளாகச் சின்னங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கின்றன. நிகழ்வு ஒன்றே என்பதால், சின்னத்துக்குச் சின்னம் தெரியும் வேறுபாடுகளுக்குக் காரணம் எழுப்பியவர்களிடம்தான் இருக்க வேண்டும். அதனால்தான் புதிதாகப் படிப்பவருக்கு இந்தப் பூங்கா இவ்வளவு தெளிவாகப் பாடம் சொல்கிறது.

முதலில் ஓர் எளிய பாகுபாடு. இங்கே உள்ளவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். நிகழ்வுக்கு முன்பே இருந்து, தப்பி நிற்பவை: அணுகுண்டு டோம் எனப்படும் இடிந்த கட்டடம் இந்த வகை. பிறகு கட்டியவை: நினைவு வளைவு, சிறுவர் சின்னம் போன்றவை. மனிதர்கள் ஏதாவது செய்தால்தான் பொருள் பெறுபவை: அடிக்க வேண்டிய மணி, அணையாமல் காக்க வேண்டிய தீ. கடைசியாக, உயிருள்ளவை: குண்டுக்குத் தப்பிய மரங்கள். ஒவ்வொரு வகைக்கும் பராமரிப்பு வேறு, அதில் வரும் சிக்கலும் வேறு.

பூங்காவுக்கு முன்

இந்த இடம் எப்போதும் வெற்றுத் திடலாக இருந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. ஹொன்காவா, மொட்டோயாசு என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருந்த நாகாஜிமா என்ற பழைய வணிகப் பகுதி இது. கடைகள், வீடுகள், கோயில்கள், திரையரங்கு என்று நெருக்கமாக மக்கள் வாழ்ந்த தெருக்கள். அதன் வடமுனையில் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இருந்த அயோய் பாலம்தான் குண்டுவீச்சின் குறி. குண்டு அதிலிருந்து சில நூறு மீட்டர் விலகி வெடித்தது. நாகாஜிமா கிட்டத்தட்ட முழுவதும் தரைமட்டமானது.

போருக்குப் பின் தப்பியவர்கள் அங்கேயே தகரக் கொட்டகைகள் போட்டுக் குடியிருந்தார்கள். பூங்கா வேலை தொடங்கியபோது அவர்களை வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். இடிபாடுகளின் மேல் மண் நிரப்பி, புல்வெளி போட்டு, மரம் நட்டார்கள். பழைய தெருக்கள் அந்த மண்ணுக்கு அடியில்தான் இருக்கின்றன. அகழ்வில் வெளிப்பட்ட கருகிய மரப்பலகைகளையும் தரைப்பாய்களையும் அதே இடத்தில் காட்டும் ஒரு சிறு கூடம் 2022 மார்ச்சில்தான் திறந்தார்கள். பூங்காவின் மற்ற பகுதிகளைப் பார்ப்பதற்கு முன் இதை அறிந்திருப்பது அவசியம். நடக்கும் புல்வெளியே ஒரு ஊரின் மேல் போட்ட மூடி என்று தெரிந்தால், எஞ்சிய சின்னங்களைப் பார்க்கும் விதமே மாறும்.

சட்டம், பணம், ஒரு நேர்கோடு

பெரிய நினைவுப் பூங்காக்கள் எதுவும் நல்லெண்ணத்தால் மட்டும் உருவாவதில்லை. நிலமும் பணமும் வேண்டும். குண்டுவீச்சுக்குப் பின் ஹிரோஷிமா நகராட்சியிடம் வரி வருமானம் கிட்டத்தட்ட இல்லை. 1949இல் ஜப்பானிய நாடாளுமன்றம் ஹிரோஷிமாவுக்கென்றே 'அமைதி நினைவு நகர'ச் சட்டம் ஒன்றை இயற்றியது. அரசியல் சாசனப்படி ஒரு தனி ஊருக்கான சட்டத்தை அவ்வூர் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்க வேண்டும். அந்த வாக்கெடுப்பு ஜூலை 7இல் நடந்தது. சட்டம் ஆகஸ்ட் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியப் பலன், அரசுக்குச் சொந்தமான பழைய ராணுவ நிலங்களை நகராட்சிக்கு இலவசமாகத் தர வழி பிறந்ததுதான்.

அதே ஆண்டு நடந்த பூங்கா வடிவமைப்புப் போட்டியில் வென்றவர் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே. அவருடைய திட்டத்தின் சாரம் ஒரு நேர்கோடு. தெற்கே அருங்காட்சியகம், நடுவே நினைவு வளைவு, வடக்கே ஆற்றுக்கு அப்பால் இடிந்த டோம். இந்த மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்தினார். பார்வை தடைபடக் கூடாது என்பதற்காக அருங்காட்சியகக் கட்டடத்தைத் தூண்களின் மேல் தூக்கிவைத்தார். அதற்கு அடியில் நின்று பார்த்தால், வளைவுக்குள் டோம் தெரியும். அப்போது டோமை இடிப்பதா, விடுவதா என்று நகரம் முடிவே செய்திருக்கவில்லை. முடிவாகாத ஒன்றை டாங்கே தன் திட்டத்தின் முனையில் வைத்துவிட்டார். அந்த இடிபாடு பிற்காலத்தில் தப்பியதற்கு இந்தக் கோடும் ஒரு காரணம் என்பது எங்கள் கருத்து.

பூங்காவின் தெற்கு எல்லையில் 100 மீட்டர் அகலமான 'அமைதிச் சாலை' ஓடுகிறது. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. விமானத் தாக்குதலில் தீ பரவாமல் இருக்க, போர்க்காலத்தில் வீடுகளை வரிசையாக இடித்து அகலமான இடைவெளிகளை உண்டாக்கினார்கள். அந்த இடிப்பு வேலைக்கு 12, 13 வயதுப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் 6 காலையில் வெட்டவெளியில் நின்று வேலை செய்துகொண்டிருந்த அந்தப் பிள்ளைகளில் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். டோமுக்குத் தெற்கே, மேலே போகப்போக விரியும் ஐந்தடுக்குக் கோபுரம் ஒன்று நிற்கிறது. 1967இல் எழுந்த அது, போர்க்கால வேலைக்கு அழைக்கப்பட்டு இறந்த மாணவர்களுக்கானது. சாலையையும் கோபுரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டும் விளங்கும்.

நினைவு வளைவு: ஒரு வாக்கியத்தால் எழுந்த சர்ச்சை

பூங்காவின் நடுவில், பண்டைக்கால ஜப்பானிய மண் வீட்டுப் பொம்மைகளின் கூரையைப் பின்பற்றிய ஒரு வளைவு இருக்கிறது. 1952 ஆகஸ்ட் 6 அன்று திறந்தார்கள். இதன் வடிவமைப்பை டாங்கே முதலில் சிற்பி இசாமு நோகுச்சியிடம் ஒப்படைத்தார். தந்தை ஜப்பானியர், தாய் அமெரிக்கர். நோகுச்சி அமெரிக்கக் குடிமகன். அவருடைய வடிவத்தைக் குழு நிராகரித்தது. குண்டு போட்ட நாட்டைச் சேர்ந்தவர் இறந்தவர்களுக்கான சின்னத்தைச் செய்யலாமா என்ற எதிர்ப்பே அதற்குப் பின்னால் இருந்தது. டாங்கே குறுகிய அவகாசத்தில் இப்போதுள்ள வடிவத்தைத் தாமே வரைந்தார். நோகுச்சியின் கை பூங்காவில் அடியோடு இல்லாமல் போகவில்லை. அமைதிச் சாலையில் இருக்கும் இரண்டு பாலங்களின் கைப்பிடிச் சுவர்கள் அவர் வடிவமைத்தவை. சின்னம் ஒன்றைப் படிக்கும்போது, அந்த இடத்தில் வராமல் போன வடிவத்தையும் தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வளைவின் கீழே ஒரு கற்பேழை. அதற்குள் இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடுகள். அன்று இறந்தவர்கள் மட்டுமல்ல, அணுகுண்டுக்கு ஆளாகிப் பின்னாளில் இறந்தவர்களின் பெயர்களும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 அன்று சேர்கின்றன. 2025இல் மொத்தம் 3,49,246 பெயர்கள் ஆயின. ஒரு பதிவேட்டில் பெயர்களே இல்லை. அது அடையாளம் தெரியாத பலருக்கானது. மே மாதத்தில் நகராட்சி ஊழியர்கள் வெள்ளைக் கையுறை அணிந்து பதிவேடுகளை வெளியே எடுத்து, விரிப்பில் வரிசையாக வைத்து, பக்கம் பக்கமாகப் புரட்டிக் காற்றாட விடுவார்கள். காரணம் எளிது: மூடிய கற்பெட்டிக்குள் ஈரம் தங்கினால் தாளில் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலம் ஜூனில் தொடங்குவதற்கு முன் இது முடிந்துவிட வேண்டும்.

பேழையின் முகப்பில் உள்ள வாசகத்தை எழுதியவர் ஹிரோஷிமா பல்கலைக்கழகப் பேராசிரியர் தடாயோஷி சைக்கா. அவரும் குண்டுவீச்சிலிருந்து தப்பியவர். அமைதியாக உறங்குங்கள், தவறு மீண்டும் நிகழவிட மாட்டோம் என்பது அதன் பொருள். ஜப்பானிய மூலத்தில் எழுவாய் இல்லை. யார் செய்த தவறு, மீண்டும் செய்யப்போவதில்லை என்று சொல்வது யார் என்பது திறந்தே கிடக்கிறது. டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய இந்திய நீதிபதி ராதாபினோத் பால் 1952 நவம்பரில் இங்கே வந்தபோது, குண்டு போட்டவர்கள் ஜப்பானியர் அல்லவே, அப்படியிருக்க யாருடைய தவறு இது என்று கேட்டார். சைக்கா, இது மனிதகுலம் முழுவதும் சேர்ந்து சொல்லும் உறுதி என்று பதில் சொன்னார். சர்ச்சை அதோடு ஓயவில்லை. வாசகத்தை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கைகள் மீண்டும் மீண்டும் எழுந்தன. 1983இல் நகராட்சி வாசகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் விளக்கப் பலகை ஒன்றை வைத்தது. 2005 ஜூலையில் ஒருவர் 'தவறு' என்ற எழுத்தை மட்டும் உளியால் சிதைத்தார், அதைச் சரிசெய்தார்கள். கல்லில் பொறித்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வரியின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

டோம்: இடிந்ததை இடியாமல் காப்பது

இந்தப் பூங்காவில் தொழில்நுட்ப ரீதியில் மிகக் கடினமான வேலை டோமில்தான். செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்ஸெல் வடிவமைத்து, 1915இல் திறந்த வணிகக் கண்காட்சிக் கட்டடம் இது. செங்கல் சுவர், மேலே கல்லும் காரையும், நடுவில் செப்புத் தகடு போர்த்திய கூரைக் குமிழ். குண்டு இதற்கு ஏறத்தாழ 160 மீட்டர் தென்கிழக்கே, கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே வெடித்தது. அழுத்தம் பக்கவாட்டில் தள்ளாமல் மேலிருந்து கீழாக இறங்கியதாலும், சன்னல்கள் நிறைய இருந்ததாலும் நடுப்பகுதிச் சுவர்கள் நின்றன. கூரைக் குமிழின் இரும்புச் சட்டங்கள் மட்டும் மிஞ்சின. உள்ளே இருந்தவர்கள் அனைவரும் இறந்தார்கள்.

அடுத்த இருபது ஆண்டுகள் இதை என்ன செய்வது என்று நகரம் தீர்மானிக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் வலிக்கிறது, இடித்துவிடுங்கள் என்று தப்பியவர்களில் ஒரு சாரார் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. இன்னொரு சாரார் இதை விட்டால் வேறு சாட்சி இல்லை என்றார்கள். குழந்தையாக இருந்தபோது கதிர்வீச்சுக்கு ஆளாகி, 1960இல் தன் 16ஆம் வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்த ஒரு மாணவி, அந்தக் கட்டடம்தான் அணுகுண்டின் கொடுமையை என்றென்றும் உலகுக்குச் சொல்லும் என்ற கருத்தைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தாள். அதைப் படித்த சிறுவர்கள் கையெழுத்தும் நன்கொடையும் திரட்டத் தொடங்கினார்கள். 1966 ஜூலையில் நகர மன்றம் பாதுகாப்பதென்று தீர்மானித்தது. நன்கொடை இலக்கைத் தாண்டி வந்தது. 1967இல் முதல் பாதுகாப்புப் பணி நடந்தது.

இங்கே பாதுகாப்பு என்றால் என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். பழையபடி கட்டக் கூடாது. மேலும் விழவும் கூடாது. குண்டு வெடித்த உடனே இருந்த நிலையிலேயே நிறுத்திவைக்க வேண்டும். கூரை இல்லாத செங்கல் சுவருக்கு முதல் எதிரி மழைநீர். சுவரின் தலைப்பகுதி வழியாக நீர் உள்ளே இறங்கும். அது காரையைக் கரைத்துப் பலவீனமாக்கும். குளிரில் உறைந்தால் விரிந்து விரிசலைப் பெரிதாக்கும். இரும்பு துருப்பிடித்தால் அதன் கன அளவு பல மடங்கு பெருகி, பிடித்திருக்கும் காரையை உள்ளிருந்தே பிளக்கும். அதனால் 1967இல் விரிசல்களுக்குள் எப்பாக்ஸி பிசினைச் செலுத்தி ஒட்டினார்கள். உள்பக்கம் எஃகு முட்டுச் சட்டங்கள் கொடுத்தார்கள். 1989-90இல் இரண்டாம் பணி. 2002-03இல் மழைநீரால் வரும் சிதைவைத் தடுக்கும் வேலை. 2015-16இல் நிலநடுக்கத்துக்கு எதிரான எஃகு வலுவூட்டல். 2020-21இல் கூரைக் குமிழின் இரும்புக்குப் புது வர்ணம் பூசினார்கள். குண்டுவீச்சின் காலத்து நிறத்தை ஆராய்ந்து அதற்கு நெருக்கமான கரும்பழுப்பைத் தேர்ந்தார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை சுவர்களின் நிலையை அளந்து பதிவு செய்கிறார்கள். சுற்றிச் சிதறிக் கிடக்கும் கற்களும் சின்னத்தின் பகுதிதான். அவற்றையும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

1996 டிசம்பரில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தக் கூட்டத்தில் அமெரிக்கா இந்த முடிவில் தனக்குப் பங்கில்லை என்று விலகிக்கொண்டது. போரில் ஜப்பானின் கையால் இறந்த ஆசிய மக்களின் கதை இதில் மறையக் கூடாது என்ற கவலையோடு சீனா தன் தயக்கத்தைப் பதிவு செய்தது. ஒரு நகரம் தன் துயரத்துக்கு எழுப்பும் சின்னத்தைப் பக்கத்து நாடு வேறு விதமாகப் படிக்கும்.

சேர்க்கப்படாதவர்கள்

மேற்குப் பக்கத்தில் ஆமையின் முதுகில் நிற்கும் ஒரு கல்தூண் உண்டு. தலையில் டிராகன் வடிவங்கள். கொரியாவின் மரபான நினைவுத்தூண் வடிவம் அது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. வேலைக்காகவும் கட்டாயத்தாலும் ஹிரோஷிமாவுக்கு வந்த கொரியர்கள் ஆயிரக்கணக்கில் இந்தக் குண்டில் இறந்தார்கள். அங்கே ராணுவ அதிகாரியாக இருந்த கொரிய இளவரசர் யி உ என்பவரும் அவர்களில் ஒருவர்.

1970 ஏப்ரலில் இந்தத் தூணைக் கொரியச் சமூகத்தினர் எழுப்பியபோது அதற்குப் பூங்காவுக்குள் இடம் கிடைக்கவில்லை. புதிய சின்னங்களைப் பூங்காவுக்குள் அனுமதிப்பதில்லை என்பது நகராட்சி சொன்ன காரணம். ஆற்றுக்கு அக்கரையில், பாலத்தின் மேற்கு முனையில் அது நின்றது. செத்த பிறகும் பாகுபாடா என்று கொரியர்களும் அவர்களுக்கு ஆதரவான ஜப்பானியர்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 29 ஆண்டுகள் கழித்து, 1999 ஜூலையில்தான் தூண் ஆற்றைத் தாண்டிப் பூங்காவுக்குள் வந்தது. 2023 மே மாதத்தில் தென்கொரிய அதிபரும் ஜப்பானியப் பிரதமரும் முதன்முறையாகச் சேர்ந்து அதன் முன் தலைவணங்கினார்கள்.

தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள்: 1945, 1970, 1999, 2023. இந்த நான்கு ஆண்டுகளுக்கும் இடையே கிடக்கும் இடைவெளிதான் இந்தச் சின்னத்தின் வரலாறு. தூணை மட்டும் பார்த்தால் அது தெரியாது. எந்த ஊர்ப் பூங்காவிலும், ஓரத்திலோ வெளியிலோ தனியாக நிற்கும் சின்னம் தென்பட்டால், அது ஏன் அங்கே நிற்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

இதற்குப் பக்கத்தில் புல் வளர்ந்த ஒரு மேடு இருக்கிறது. சுமார் 16 மீட்டர் விட்டம், 3.5 மீட்டர் உயரம். உடல்களைக் கொண்டுவந்து எரித்த இடம் அது. 1955இல் இப்போதுள்ள வடிவம் பெற்றது. உள்ளறையில் சுமார் 70,000 பேரின் சாம்பல் இருக்கிறது. பெரும்பாலோர் யார் என்றே தெரியாது. அவர்களில் சுமார் 800 பேருக்குப் பெயர் தெரியும், உறவினர் யாரும் வந்து கேட்கவில்லை. அந்தப் பெயர்ப் பட்டியலை நகராட்சி ஒவ்வோர் ஆண்டும் சுவரொட்டியாக அச்சிட்டு நாடெங்கும் அனுப்புகிறது. சிலைகளைவிட இந்த மேட்டுக்கு அதிக நேரம் கொடுங்கள். பூங்காவிலேயே உண்மையான கல்லறை இது ஒன்றுதான்.

காகிதக் கொக்குகள்

இங்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் நேராகப் போவது சிறுவர் அமைதிச் சின்னத்துக்கு. சடாக்கோ சசாக்கி 2 வயதில் வெடித்த இடத்திலிருந்து 1.7 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தாள். காயம் எதுவும் இல்லை. பிறகு ரத்தப் புற்றுநோய் வந்தது. 1955 அக்டோபர் 25 அன்று 12 வயதில் இறந்தாள். ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் வேண்டியது கிடைக்கும் என்ற ஜப்பானிய நம்பிக்கையில் மருத்துவமனையில் கொக்கு மடித்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய வகுப்புத் தோழர்கள் ஒரு சின்னம் வேண்டும் என்று கிளம்பினார்கள். ஜப்பானிலிருந்தும் வேறு ஒன்பது நாடுகளிலிருந்தும் 3,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் பணம் அனுப்பின. சிற்பி காஸுவோ கிக்குச்சி செய்த 9 மீட்டர் உயரச் சின்னம் 1958 மே 5 அன்று, ஜப்பானின் சிறுவர் தினத்தில், திறந்தது. உள்ளே தொங்கும் மணியைக் கொடுத்தவர் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஹிடெக்கி யுகாவா. அந்த மூல மணி இப்போது அருங்காட்சியகத்தில். இங்கே தொங்குவது நகல்.

இந்தச் சின்னத்துக்கு ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடிக் கொக்குகள், ஏறத்தாழ 10 டன் எடையில், வந்து சேர்கின்றன. வெறும் காகிதம் என்பதால் வெயிலில் நிறம் போகும், மழையில் கூழாகும், தீப்பிடிக்கும். 2003 ஆகஸ்டில் ஒருவர் வைத்த தீயில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கொக்குகள் எரிந்தன. இப்போது கண்ணாடி அடைப்புகளுக்குள் வைக்கிறார்கள். இடம் நிறைந்ததும் பழையதை எடுத்து, கேட்பவர்களுக்குக் கொடுத்து மறுசுழற்சிக் காகிதமாக்குகிறார்கள். மக்கள் தாமே கொண்டுவந்து வைக்கும் பொருள்களை என்ன செய்வது என்பது இன்று உலகெங்கும் நினைவிடங்களைப் பராமரிப்பவர்களின் தலையாய சிக்கல்.

மணி, தீ, மரம்

அமைதித் தீ 1964 ஆகஸ்ட் 1 அன்று ஏற்றப்பட்டது. உலகில் அணு ஆயுதம் இருக்கும்வரை எரியும் என்பது ஏற்பாடு. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த மணி 1,200 கிலோ எடை கொண்டது. மசாஹிக்கோ கட்டோரி வார்த்தது. அதன் உடலில் எல்லைக் கோடுகள் இல்லாத உலக வரைபடம் இருக்கிறது. மரத்தடி படும் இடத்தில் அணுவின் குறியைப் பொறித்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். 1967இல் வந்த கடிகாரக் கோபுரம் தினமும் காலை 8.15க்கு ஒலிக்கிறது.

பிற நாட்டாருக்கான சின்னங்களும் உண்டு. 1945 செப்டம்பரில் 15 டன் மருந்துகளோடு வந்த செஞ்சிலுவைச் சங்க மருத்துவர், சுவிட்சர்லாந்தின் மார்செல் ஜூனோவுக்குப் பூங்காவின் தெற்கே 1979இல் கல் வைத்தார்கள். 2023 மே மாதத்தில் மொட்டோயாசு ஆற்றங்கரையில் காந்தியின் மார்பளவு வெண்கலச் சிலை ஒன்றை இந்தியா நிறுவியது. நாடுகள் கொடுக்கும் இத்தகைய அன்பளிப்புகளில் தேதியை அந்த ஆண்டின் அரசியலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஹிரோஷிமாவில் பெருநாடுகளின் உச்சி மாநாடு நடந்த வாரத்தில்தான் அந்தச் சிலை திறக்கப்பட்டது.

மரங்களில் கவனிக்க வேண்டியது அருங்காட்சியகத்துக்கு அருகே நிற்கும் ஆவோகிரி மரங்கள். வெடித்த இடத்திலிருந்து 1.3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த அலுவலக வளாகத்தில் நின்றவை. 1973இல் இங்கே பெயர்த்து நட்டார்கள். குண்டைப் பார்த்த பக்கத்தில் தண்டு கருகிக் குழிந்திருக்கிறது. மறுபக்கத்துப் பட்டை வளர்ந்து அந்தக் குழியை மூட முயல்கிறது. அதன் விதையிலிருந்து வளர்த்த கன்றுகள் பல நாடுகளுக்குப் போகின்றன. கல்லுக்கும் இரும்புக்கும் உள்ள பராமரிப்பு விதி மரத்துக்குப் பொருந்தாது. மரம் ஒருநாள் சாகும், கன்றுதான் தொடர்ச்சி.

பொருளும் பழுதும்

எந்தப் பூங்காச் சின்னத்தையும் பார்க்கும்போது பயன்படும் சில விஷயங்கள். வெண்கலத்தில் மெல்லிய, சீரான பச்சைக் களிம்பு இருந்தால் பயப்பட வேண்டாம்; அது உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. வெளிர்பச்சைத் தூளாக அங்கங்கே புள்ளி விட்டால்தான் ஆபத்து; கடற்காற்றின் உப்பு உள்ளே அரிக்கத் தொடங்கியிருக்கிறது. கம்பித் தூரிகையால் தேய்ப்பது, புளி போட்டுப் பளபளக்கத் துலக்குவது இரண்டும் சிலையைக் கெடுக்கும். மென்மையான சோப்பு நீர், மென் தூரிகை, காய்ந்தபின் மெழுகுப் பூச்சு என்பதே முறை. கான்கிரீட் முப்பது நாற்பது ஆண்டுகளில் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, வெளிப்பூச்சு உதிரும். 1952இல் கான்கிரீட்டில் கட்டிய நினைவு வளைவை 1985இல் கருங்கல்லில் திரும்பக் கட்டினார்கள். நாம் இன்று பார்ப்பது இரண்டாவது வளைவு. ஆகவே சின்னத்தின் வயதும் அதன் கல்லின் வயதும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நடக்கும் வழி

ஹிரோஷிமா ரயில் நிலையத்திலிருந்து 2 அல்லது 6ஆம் எண் டிராமில் ஏறி 'கென்பாக்கு டோம் மாயே' நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே டோம். அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு அயோய் பாலத்தின் நடுவிலிருந்து பூங்காவின் வடமுனைக்குள் இறங்குங்கள். கடிகாரக் கோபுரம், மணி, சாம்பல் மேடு, கொரியத் தூண், சிறுவர் சின்னம், தீ, நினைவு வளைவு என்று தெற்கே வந்து, அகழ்வுக் கூடத்தைப் பார்த்துவிட்டு, அருங்காட்சியகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் வேண்டும். வெளியே வந்ததும் அதன் தூண்களுக்கு அடியில் நின்று வடக்கே பார்த்தால் டாங்கேயின் கோடு தெரியும். ஆகஸ்ட் 6 அன்று கூட்டமும் நுழைவுக் கட்டுப்பாடும் இருக்கும். கல்வெட்டுகளை நின்று படிக்க வேறொரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு சின்னத்தின் அருகிலும் பலகை உண்டு. அதில் முதலில் தேதியையும், யார் நிறுவியது என்ற வரியையும் குறித்துக்கொண்டு, பிறகு மேலே பாருங்கள்.